வீட்டு அடைசலைக் கழிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கிருந்து தொடங்குவது?

வாசலில் இருந்து. பீரோவைத் திறப்பதற்கு முன்பே, வெளியே போக வேண்டியவை எந்த வழியாகப் போகும் என்று முடிவு செய்துவிடுங்கள். வீடு ஒழிக்கும் வேலை பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிரித்துக் கட்டிய மூட்டைகள் போகுமிடம் தெரியாமல் கூடத்து மூலையில் உட்கார்ந்துவிடும். இரண்டு வாரம் கழித்து யாராவது ஒரு மூட்டையைப் பிரிப்பார்கள், "இது நல்லாத்தானே இருக்கு" என்பார்கள், பாதிப் பொருள் மறுபடி உள்ளே போய்விடும்.

ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள். துணி யாருக்கு, புத்தகம் யாருக்கு, காகிதத்தையும் இரும்பையும் எடைக்குப் போடுவது எங்கே, மின்னணுக் கழிவு எங்கே, மருந்தும் பெயின்ட்டும் பேட்டரியும் எங்கே. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்த நாளில் வாங்கிக்கொள்வார்கள், எதை வாங்கமாட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் தொடங்குகிறவர்கள் பொருளை இடம் மாற்றுகிறார்கள், கழிப்பதில்லை.

எந்த அறையை முதலில் எடுப்பது?

குளியலறை அலமாரியையோ மருந்துப் பெட்டியையோ எடுங்கள். அங்கே இருப்பவற்றில் பாதிக்குக் காலாவதித் தேதியே பதில் சொல்லிவிடும். அடுத்து சமையலறைப் பாத்திரங்கள், துணி, புத்தகம், காகிதம், பரண். புகைப்படங்களும் கடிதங்களும் எப்போதும் கடைசி. அவற்றைக் கையில் எடுத்தால் அன்றைய பொழுது அதோடு போயிற்று.

ஒரே நாளில் முடித்துவிட முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். முழு வீட்டையும் இழுத்துத் தரையில் கொட்டினால், சாயங்காலம் படுக்க இடம் வேண்டும் என்பதற்காகவே எல்லாவற்றையும் அப்படியே திணித்து மூட வேண்டியிருக்கும். முடிவெடுப்பது களைப்பு தரும் வேலை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்று, எல்லாவற்றையும் "இருக்கட்டும்" என்று ஒதுக்கத் தொடங்குவீர்கள், இல்லையேல் எரிச்சலில் வேண்டியதையும் சேர்த்துப் போடுவீர்கள். ஒரு அமர்வுக்கு ஒரு தட்டு, ஒரு இழுப்பறை, அதிகம் போனால் பீரோவின் ஒரு கதவுக்குள் இருப்பது. கையில் அரை மணிதான் இருக்கிறதென்றால் 20 நிமிடம் பிரியுங்கள், மீதி 10 நிமிடம் எடுத்ததை இடத்தில் வைத்துப் பெருக்குவதற்கு. அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அழகான பெட்டிகள், கூடைகள் வாங்கிவிட்டுத் தொடங்கலாமா?

வேண்டாம். பெட்டி வாங்கினால் அதை நிரப்பத்தான் தோன்றும். கழித்து முடித்த பிறகு எஞ்சுவது எவ்வளவு, அதன் நீள அகலம் என்ன என்று தெரிந்தபின் வாங்கினால் போதும். பெரும்பாலும் வாங்கவே வேண்டியிருக்காது. தொடக்கத்துக்குத் தேவையானவை இவ்வளவுதான்: கிழியாத நான்கைந்து பெரிய பைகள், மார்க்கர், ஒட்டும் நாடா, கையுறை, தூசிக்கு முகக்கவசம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், துடைக்க ஈரத்துணி. வெளியே போகும் பை ஒளி ஊடுருவாததாக இருக்கட்டும். உள்ளே இருப்பது தெரிந்தால் வீட்டில் யாராவது கையை விடுவார்கள்.

ஒரு இடத்தைப் பிரிக்கும்போது சரியான வரிசை என்ன?

எல்லா வீட்டிலும் இருக்கிற, கண்டதையும் போட்டு வைக்கும் இழுப்பறையையே எடுத்துக்கொள்வோம். முழுவதையும் ஒரு பழைய விரிப்பின் மேல் கொட்டுங்கள். இழுப்பறையைத் துடைத்துக் காலியாக ஓரம் வையுங்கள். உள்ளே கையை விட்டுத் துழாவி வேண்டாததை மட்டும் பொறுக்கினால் பத்து பொருள்தான் வெளியே வரும். கொட்டிவிட்டு வேண்டியதைப் பொறுக்கினால் பாதிக்குப் பாதி மிஞ்சும். செய்யும் வேலை ஒன்றேதான், கேள்வி திரும்பிவிடுகிறது.

பிறகு ஒரே இனத்தை ஒன்றாகக் குவியுங்கள். பேனாக்கள் ஒரு குவியல், பேட்டரிகள் ஒன்று, திருகாணிகள் ஒன்று, ரசீதுகள் ஒன்று. பதினேழு பேனா ஒரே இடத்தில் கிடப்பதைப் பார்த்தால்தான் கணக்கு உறைக்கும். ஒவ்வொரு பேனாவையும் தாளில் கிறுக்கிப் பாருங்கள். எழுதாதது குப்பைக்கு, எழுதுவதில் ஐந்து போதும். ரப்பர் பேண்டுகளை இழுத்துப் பாருங்கள். பிசுபிசுத்தோ வெடித்தோ இருந்தால் அவை தொட்டுக்கொண்டிருந்த காகிதத்திலும் கறை ஏறியிருக்கும். ஒழுகிய பேட்டரியின் வெள்ளைப் பொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். பட்டன் பேட்டரி கிடைத்தால் அப்போதே இரு முகத்திலும் நாடா ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடியது அது. சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எது என்ன பொருளின் பாகம் என்றே தெரியாத பிளாஸ்டிக் துண்டுகள் எப்படியும் நாலைந்து இருக்கும். ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதுங்கள். ஆறு மாதத்தில் எதுவும் "என் பாகம் எங்கே" என்று கேட்காவிட்டால் போடலாம்.

வைப்பதா, விடுவதா என்று எப்படி முடிவு செய்வது?

இதற்கென்று சுற்றும் சூத்திரங்களில் பல, பொருளைப் பிடித்துக்கொண்டு உணர்ச்சியைத் தேடச் சொல்பவை. குழாய்ச் சாவியிடமும் புனலிடமும் அது எடுபடாது. மூன்று கேள்விகள் போதும். கடைசியாக எப்போது பயன்படுத்தினேன்? இதே வேலையைச் செய்ய வீட்டில் வேறொன்று இருக்கிறதா? தேவைப்படும் நாளில் இதன் இடம் எனக்கு நினைவுக்கு வருமா? மூன்றாவதுதான் முக்கியம். எங்கே இருக்கிறது என்று தெரியாத பொருளை நீங்கள் எப்படியும் புதிதாக வாங்கத்தான் போகிறீர்கள். அதை வைத்திருப்பதால் இடம் போனதுதான் மிச்சம்.

முடிவு வராதவற்றுக்கு ஒரு பெட்டி, ஒன்றே ஒன்று. மூடி, நாடா ஒட்டி, மேலே இன்றைய தேதியையும் திறக்க வேண்டிய தேதியையும் எழுதுங்கள். மூன்று மாதம் போதும், பருவத்துக்குரிய பொருளானால் ஒரு வருடம். உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டாம். நினைவிலிருந்து தேடி வந்து எடுத்ததே கணக்கு. இந்தப் பெட்டி இரண்டானால் நீங்கள் முடிவைத் தள்ளிப் போடுகிறீர்கள் என்று பொருள்.

"என்றைக்காவது உதவும்" என்று தோன்றுகிறதே?

தோன்றும். சில சமயம் உண்மையும்கூட. அதனால் அந்த எண்ணத்தை அதட்டாமல் கணக்குப் பாருங்கள். மறுபடி வாங்க ஆகும் செலவு, கிடைக்கும் எளிமை, அதுவரை அது அடைக்கும் இடம். விலை குறைந்து, எங்கும் கிடைத்து, இடத்தை அடைப்பதானால் விட்டுவிடலாம். அரிதாகக் கிடைப்பதும் அவசரத்தில் உதவுவதும் (தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, டார்ச், பயன்பாட்டில் உள்ள கருவியின் மாற்று உதிரி) வருடத்தில் ஒருமுறைகூடத் தொடாவிட்டாலும் இருக்கட்டும். "ஒரு வருடம் தொடாததைத் தூக்கிப் போடு" என்ற விதியை இவற்றின் மேல் போடுவது முட்டாள்தனம்.

இன்னொன்றும் உண்டு. என்றைக்கோ உதவும் என்று பத்திரப்படுத்தும் பல பொருட்கள் அந்த நாள் வரும்வரை தாங்காது. பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட காலணி, போடாமல் பெட்டியிலேயே சில வருடம் இருந்தால் காற்றின் ஈரத்தால் சிதைந்து, போட்டுக்கொண்டு நடக்கும்போது மாவு போல உதிரும். எலாஸ்டிக் இறுக்கம் போய்விடும். குக்கரின் ரப்பர் வளையம் விறைக்கும். பிளாஸ்டிக் பைகள் துகளாகும். திறந்த பெயின்ட் தோல் கட்டும். பசை உறையும்.

நல்ல காசு கொடுத்து வாங்கியது. போட மனம் வரவில்லை.

காசு வாங்கிய அன்றே போய்விட்டது. பொருள் உள்ளே இருப்பதால் அது திரும்பி வருவதில்லை. இது புத்திக்குப் புரிந்தாலும் கை விடாது, அதற்கும் காரணம் இருக்கிறது. 1990-இல் டேனியல் கானெமான், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப்பேருக்குச் சாதாரணக் காப்பிக் குவளையைக் கொடுத்து, விற்கச் சொன்னார்கள். கையில் வாங்கிக் கொஞ்ச நேரமே ஆகியும், வாங்க வந்தவர்கள் தர முன்வந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள் குவளைக்காரர்கள். நம்முடையது என்றானதுமே மதிப்பு ஏறிவிடுகிறது.

ஆகவே கேள்வியை மாற்றிப் போடுங்கள்: "இது இன்று என்னிடம் இல்லை, பழைய பொருளாக ஒருவர் விற்கிறார் என்றால் என்ன கொடுப்பேன்?" பதில் 'ஒன்றுமில்லை' என்றால் அதுவே உங்கள் முடிவு.

எத்தனை வைத்துக்கொள்ளலாம்?

வீட்டுக்கு வீடு மாறும், ஆனாலும் கைக்கணக்கு ஒன்று உதவும். படுக்கைக்கு இரண்டு தொகுதி விரிப்பு, ஒன்று விரித்தது, ஒன்று துவைத்தது. கைக்குழந்தையோ படுக்கையில் நோயாளியோ இருந்தால் மூன்று. ஆளுக்கு இரண்டு துண்டு, விருந்தினருக்கென இரண்டு. மூடியில்லாத டப்பாவும் டப்பாவில்லாத மூடியும் இன்றே போகலாம். எல்லா மூடிகளையும் பொருத்திப் பார்க்கும் பத்து நிமிடம், சமையலறையில் வேறெதையும்விட அதிக இடத்தை மீட்டுத் தரும். அலமாரியை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பின்னால் இருப்பதை எடுக்க முன்னால் இருப்பதை நகர்த்த இடம் வேண்டும்.

துணிகளை எப்படிப் பிரிப்பது?

பார்த்து முடிவு செய்யாதீர்கள், போட்டுப் பாருங்கள். மடித்து வைத்தால் எல்லாத் துணியும் நன்றாகத்தான் இருக்கும். அக்குள், கழுத்துப்பட்டி, தொடை உரசும் இடம், ஜிப் ஆகிய நாலையும் வெளிச்சத்தில் பாருங்கள். "இளைத்ததும் போடுவேன்" என்ற துணிகளில் ஒரு அளவு கீழே உள்ளதை மட்டும், அதுவும் மிகப் பிடித்த இரண்டு மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். தைக்கக் கிடக்கும் துணிகளுக்கு ஒரு வாரக் கெடு. அதற்குள் ஊசி நூல் எடுக்காதவர் பிறகும் எடுப்பதில்லை.

மாட்டி வைக்கும் துணிகளுக்கு ஒரு பழைய உத்தி உண்டு. எல்லா ஹேங்கரின் கொக்கியையும் ஒரே பக்கமாகத் திருப்பி மாட்டுங்கள். போட்டுத் துவைத்ததை மறுபக்கமாக மாட்டுங்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்பாமல் இருப்பவை எவை என்று துணியே காட்டும். மடித்து வைக்கும் துணிக்கு இது பயன்படாது.

வெளியே தரும் துணியைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, பைகளில் கைவிட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் மூட்டை முழுக்கப் பூஞ்சை வாடை ஏறும்.

காகிதங்கள்தான் மலை போலக் கிடக்கின்றன. எதையெல்லாம் வைக்க வேண்டும்?

பிறப்பு, இறப்பு, திருமணம், கல்வி, சொத்து, குடியுரிமை சம்பந்தப்பட்ட மூலங்கள், உயில், நீதிமன்ற ஆவணங்கள், பெரிய அறுவைச் சிகிச்சையின் சுருக்கம், தடுப்பூசிப் பதிவு ஆகியவை நிரந்தரம். ஸ்கேன் செய்தாலும் மூலத்தை விடக்கூடாது. வரி, சம்பளம், தொழில் கணக்கு போன்றவற்றை உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் காலம்வரை வைத்து, அதன்பின் ஒரு வருடம் கூடுதலாக வைத்திருப்பது நல்லது. கடன் முடிந்த சான்று, காப்பீட்டுப் பத்திரம் முதலியவை அந்த உறவு முடிந்த பிறகும் சில ஆண்டு வேண்டும். கட்டிமுடித்த மின்கட்டணச் சீட்டுகள், தீர்ந்துபோன உத்தரவாத அட்டை, விற்றுவிட்ட கருவியின் கையேடு ஆகியவற்றுக்கு இடம் தர வேண்டியதில்லை.

ரசீதுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடைகளில் வெப்பத்தால் அச்சாகும் வழவழப்பான ரசீது ஓரிரு வருடத்தில் வெளிறி வெறும் தாளாகிவிடும். உத்தரவாதத்துக்காக வைக்கிறீர்கள் என்றால் வாங்கிய அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்ய ஆவணத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், பொருள் என்ற வரிசையில் வைத்தால் (2024-03-குளிர்பெட்டி) தானாகவே அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வேண்டும். கைபேசியில் மட்டும் இருப்பது பிரதியாகாது.

கணக்கு எண், கையெழுத்து, அடையாள எண் உள்ள தாள்களை எடைக்குப் போடாதீர்கள். குறுக்கும் நெடுக்கும் வெட்டும் இயந்திரம் இல்லையென்றால், ஒரு வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கூழாகப் பிசைந்துவிடலாம்.

புத்தகங்கள்?

மறுபடி படிப்பீர்களா, யாருக்காவது இரவல் தருவீர்களா, தேடினால் கிடைக்காததா? மூன்றில் ஒன்று உண்டென்றால் வைக்கலாம். அட்டை நெளிந்து பக்கங்களில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை வந்தவற்றையும் வெள்ளிப்பூச்சி அரித்தவற்றையும் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள், நூலகத்துக்கும் தராதீர்கள். அங்கே போய்ப் பரவும். கட்டும்போது சின்னப் பெட்டி. 30 செ.மீ. கனசதுரப் பெட்டியில் புத்தகம் நிரப்பினாலே 15 கிலோவை எட்டிவிடும். பெரிய பெட்டியில் அடைத்தால் அடி பிய்ந்து மாடிப்படியில் கொட்டும், அல்லது முதுகு பிடித்துக்கொள்ளும்.

பழைய கைபேசி, கணினி, கம்பிச் சுருள்களை என்ன செய்வது?

கம்பிகளை இனம் பிரித்து, எந்தக் கருவிக்கு எது என்று நாடாவில் எழுதி ஒட்டுங்கள். கருவியே வீட்டில் இல்லாத அடாப்டருக்கு வேலை இல்லை. ஆனால் வோல்ட் மாறிய அடாப்டரைச் செருகி "பொருந்துகிறதே" என்று நினைத்தால் கருவி போய்விடும். அடாப்டரில் அச்சிட்ட வோல்ட் கருவியில் உள்ளதோடு ஒன்றாகவும், ஆம்பியர் குறையாமலும், முனையின் கூட்டல் கழித்தல் குறி பொருந்தியும் இருக்க வேண்டும்.

கைபேசியைத் தருவதற்கு முன் வரிசை முக்கியம். முதலில் பிரதி எடுங்கள். அடுத்து, வங்கிச் செயலிகளையும் கணக்கில் நுழையும்போது குறியீடு தரும் உறுதிச் செயலியையும் புதிய கைபேசிக்கு மாற்றி, அங்கே வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அதன்பிறகே தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப வேண்டும். கணக்கிலிருந்து வெளியேறாமல் அழித்தால், வாங்குபவர் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்ற மறக்காதீர்கள்.

கணினியில் கோப்புகளை அழிப்பதோ, வேகமாக ஃபார்மட் செய்வதோ தரவை உண்மையில் நீக்காது. மீட்கும் மென்பொருள் எளிதாக எடுத்துவிடும். சுழலும் வட்டென்றால் முழுமையாக ஒருமுறை மேலெழுதினால் போதும். எஸ்எஸ்டியில் (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) மேலெழுதுவது எல்லா மூலைக்கும் போய்ச் சேராது. அதற்குத் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். தொடக்கத்திலிருந்தே, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து வைத்திருந்தால் கவலை குறைவு.

உப்பிய பேட்டரி இருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, சேகரிப்பு மையத்துக்குத் தாமதிக்காமல் கொண்டுபோங்கள். எந்த லித்தியம் பேட்டரியையும் வீட்டுக் குப்பையில் போடக்கூடாது. குப்பை வண்டியில் நசுங்கும்போது தீப்பிடிப்பது இதனால்தான். உப்பாத பேட்டரிகளின் முனைகளில் நாடா ஒட்டிப் பிறகு தாருங்கள்.

காலாவதி மருந்து, பெயின்ட், பல்பு?

மருந்தைத் திரும்ப வாங்கும் மருந்தகம் இருந்தால் அதுவே சரியான வழி. இல்லாவிட்டால் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய காப்பித் தூளோடோ மண்ணோடோ கலந்து, மூடிய பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். யாரும் எடுத்து விழுங்கத் தோன்றாமல் இருக்கவே இந்தக் கலப்பு. மருந்தின் உறையில் அப்படிச் சொல்லியிருந்தால் ஒழியக் கழிவறையில் கொட்ட வேண்டாம். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடித் தாருங்கள்.

பெயின்ட்டையும் பூச்சிமருந்தையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள், ஒன்றோடொன்று கலக்காதீர்கள். ஸ்ப்ரே டப்பாக்களைக் குத்தாதீர்கள். சுருள் வடிவ சிஎஃப்எல் பல்பில் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து சற்று நேரம் வெளியேறுங்கள். பிறகு கெட்டி அட்டையால் அள்ளி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வேக்குவம் கிளீனர் வேண்டாம், அது ஆவியைப் பரப்பும்.

பரிசாக வந்தவை, நினைவுப் பொருட்கள்?

பரிசு கொடுத்தவரின் நோக்கம் கொடுத்த அன்றே நிறைவேறிவிட்டது. அதன்பிறகு அதை என்ன செய்வது என்பது உங்கள் உரிமை. ஆனால் அவருக்குத் தெரிந்த வட்டத்தில் யாருக்கும் கைமாற்றாதீர்கள், எப்படியாவது அவர் கண்ணில் படும்.

நினைவுப் பொருளுக்கு ஆளுக்கொரு பெட்டி வைத்து, கொள்ளும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய பொருளைப் படம் எடுத்து, அதன் கதையை நாலு வரி எழுதி வைத்தால் விடுவது எளிதாகும். படம் மட்டும் போதாது. இருபது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அது வெறும் மர நாற்காலி.

அச்சிட்ட புகைப்படங்களில் மங்கலானவை, ஒரே காட்சியின் நகல்கள், யாரென்றே தெரியாத கூட்டப்படங்கள் போகலாம். எஞ்சியவற்றின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும். ஸ்கேனுக்கு 600 டிபிஐ. ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பங்களில் பசை படத்தையே அரிக்கும். பிய்க்காமல், மெழுகிடாத பல்லிடை நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு மெதுவாக அறுத்தெடுங்கள். வராவிட்டால் அப்படியே பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள்.

இறந்துபோனவரின் பொருட்களை எப்போது எடுப்பது?

வாடகை வீட்டைக் காலி செய்வது போன்ற கட்டாயம் இல்லையென்றால் அவசரமே இல்லை. முதலில் எடுக்க வேண்டியவை ஆவணங்கள், மருந்துகள், கெட்டுப்போகும் பொருட்கள் மட்டும். கைபேசி எண்ணை உடனே துண்டித்துவிடாதீர்கள். வங்கிக் கணக்குகளுக்கான உறுதிக் குறியீடு அதற்குத்தான் வரும். துணிகளின் பாக்கெட்டுகள், புத்தகத்தின் நடுப்பக்கங்கள், இழுப்பறையின் அடிப்பக்கம், தலையணை உறை, பழைய கைப்பைகளின் உள்ஜிப் எல்லாவற்றையும் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பாதீர்கள். பணமும் பத்திரமும் அங்கேதான் இருக்கும். யாருக்கு எது வேண்டும் என்று உறவினர் எல்லாரிடமும் ஒரே நேரத்தில் கேளுங்கள், பதிலுக்கு ஒரு தேதி வையுங்கள். ஒருவரிடம் கேட்டு இன்னொருவரிடம் கேட்காமல் விட்ட ஒரு தட்டு, பல வருடப் பேச்சாகிவிடும்.

வீட்டில் மற்றவர்கள் எதையும் விடமாட்டேன் என்கிறார்களே?

அவர்கள் பொருளைத் தொடாதீர்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் கழித்தால் அன்றைக்கு இடம் கிடைக்கும், ஆனால் அதன்பின் உடைந்த குடைக்கும் காவல் இருப்பார்கள். உங்களுடையதை முடித்துக் காட்டுங்கள். பொதுவான இடங்களுக்கு எல்லை பேசுங்கள்: "இந்தத் தட்டு உங்களுடையது, அதில் எது இருந்தாலும் நான் கேட்கமாட்டேன், தரையில் வேண்டாம்." வயதானவர்களிடம் "இதைப் போட்டுவிடலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். "இது யாருக்குப் போகலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். தன் பொருள் நல்ல கைக்குப் போகிறது என்று தெரிந்தால் பலர் தாமாகவே எடுத்துத் தருவார்கள்.

குழந்தைகளோடு பிரிப்பதானால், எதைக் கொடுப்பது என்று கேட்பதைவிட, எந்தப் பத்தை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இரவில் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை கணக்கில் வராது.

விற்பதா, சும்மா கொடுப்பதா?

விற்பதற்கு வேலை அதிகம். படம் எடுக்க, கேள்விக்குப் பதில் சொல்ல, வராத ஆளுக்குக் காத்திருக்க என்று ஒரு பொருளுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் போகும். அந்த நேரத்துக்கு ஈடாகும் பொருட்களை மட்டும் விற்பனைக்கு ஒதுக்கி, இரண்டு வாரக் கெடு வையுங்கள். போகவில்லையென்றால் விலையைப் பாதியாக்கி இன்னொரு வாரம், பிறகு இனாம். "விற்க வேண்டியவை" என்ற குவியல்தான் பல வீடுகளில் புது அடைசல்.

கொடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். பெறுபவரிடம் முன்கூட்டிக் கேளுங்கள். கிழிந்தது, கறைபட்டது, பாகம் குறைந்தது எதையும் தானமாகத் தள்ளாதீர்கள், குப்பை போடும் செலவை அவர்கள் தலையில் கட்டுவதுதான் அது. ஒருமுறை அடிவாங்கிய தலைக்கவசமும், விபத்தில் சிக்கிய அல்லது தன்மேல் பொறித்த காலாவதித் தேதி கடந்த குழந்தைக் கார் இருக்கையும் யாருக்கும் தரக்கூடாதவை. உள்ளே உள்ள நுரை ஒருமுறை நசுங்கினால் மறுமுறை காக்காது, வெளியே பார்க்கப் புதிதாகவே இருக்கும். மெத்தையையும் சோபாவையும் தரும் முன் தையல் மடிப்புகளில் மூட்டைப்பூச்சியின் கரும்புள்ளிகள் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பரண்?

இரண்டு பேராக ஏறி இறக்குங்கள், ஒருவர் ஏணியைப் பிடிக்க வேண்டும். பரணில் வெயில் காலச் சூடும் மழைக்கால ஈரமும் மாறி மாறி வரும். எனவே புகைப்படம், ஒலி ஒளி நாடாக்கள், ரப்பர், மெழுகு, பேட்டரி, தோல்பொருள் எதுவும் அங்கே இருக்கக்கூடாது. காற்றில் ஈரப்பதம் தொடர்ந்து 60 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். அட்டைப்பெட்டியின் நெளிவுகளில் கரப்பான் முட்டையிடும், அதனால் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியே நல்லது. பெட்டியின் உள்ளடக்கத்தை மேலே எழுதாதீர்கள், கீழே நின்று பார்க்கும்போது தெரியும் பக்கத்தில் எழுதுங்கள். பழைய கருவிகளின் வெறும் அட்டைப்பெட்டிகள்தான் பரணில் பாதி. திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டால் அவற்றை மடித்து எடைக்குப் போடலாம்.

கழித்தும் ஆறு மாதத்தில் மறுபடி நிறைந்துவிடுகிறது. ஏன்?

வெளியே போகும் கதவைத் திறந்தீர்கள், உள்ளே வரும் கதவைச் சாத்தவில்லை. ஒரு மாதம் வீட்டுக்குள் வருபவற்றை எல்லாம் குறித்துப் பாருங்கள். வாங்கியது, இலவசமாக வந்தது, யாரோ "வச்சுக்கோ" என்று தந்தது, பார்சலின் உறை. அளவில் கடைசி மூன்றும் சேர்ந்து பெரும்பாலும் முதலாவதைத் தாண்டும், ஆனால் நாம் கட்டுப்படுத்த நினைப்பது வாங்குவதை மட்டும். இலவசங்களை வாசலிலேயே மறுத்துவிடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் மறுப்பது பத்து மடங்கு கடினம். வாசலருகே ஒரு பை நிரந்தரமாகத் தொங்கட்டும், வேண்டாதது கண்ணில் பட்ட நிமிடமே அதில் விழட்டும். நிறைந்ததும் அந்த வாரமே போக வேண்டும்.

போட்ட பிறகு தேவைப்பட்டால்?

ஓரிரண்டு பொருளுக்கு அப்படி நடக்கும். இரவல் கேளுங்கள், இல்லையேல் வாங்குங்கள்.

பொருளைத் தொட்டாலே பதற்றம் வருகிறது, நடக்கவே இடமில்லை. இது நோயா?

இருக்கலாம். மதிப்பு இல்லாத பொருளையும் விட முடியாமல் தவிப்பது, அதனால் அடுப்பும் கட்டிலும் குளியலறையும் பயன்படாமல் போவது, இதனால் வாழ்க்கை பாதிக்கப்படுவது ஆகியவை சேர்ந்தால் அது பதுக்கல் கோளாறு. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு இதைத் தனிக் கோளாறாகவே வகைப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறையில் உள்ள வகைப்பாட்டிலும் இடம் உண்டு. மேலே சொன்ன உத்திகள் இதற்குப் போதாது. உறவினர் கூடி ஒரே நாளில் லாரி வைத்து அள்ளினால் வீடு மறுபடி நிறையும், நம்பிக்கை மட்டும் திரும்பாது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் அனுபவமுள்ள மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவரை வாசலுக்கும் படுக்கைக்கும் வழி விடுவது, அடுப்பருகே காகிதம் இல்லாமல் பார்ப்பது என்ற இரண்டோடு நிறுத்துங்கள்.

எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவிகள் ஒரு கொத்து இருக்கிறது.

ஒரு விடுமுறை நாளில் வீட்டின் எல்லாப் பூட்டு, பீரோ, சூட்கேஸ், சைக்கிளிலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பொருந்தியதற்கு உடனே சீட்டு கட்டுங்கள், முகவரியைச் சீட்டில் எழுதாமல். மிஞ்சியதை ஒரு டப்பாவில் போட்டுத் தேதி எழுதி ஒரு வருடம் வையுங்கள். வங்கி லாக்கரின் சாவி போலக் கனமாக, எண் பொறித்து இருந்தால் வங்கியில் கேட்காமல் போடாதீர்கள். மற்றவை அடுத்த முறை இரும்போடு எடைக்குப் போகலாம்.